மாதா நீங்கலாக

காரைச்சல்லி தீவு,
1946 பிப்ரவரி 11

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்கா பிலோமிக்கு,

தம்பி ரோச் எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். ஏற்கெனவே கறுப்பு, இப்போது இன்னும் ஒரு பூச்சு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உன் சுகம், இனிகோ அத்தானின் காது, உன் மகள் கிருபையின் சளி எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். என்ன வேலை என்றால் சிரிப்பாய். தீவுக்கு வருகிறவர்களை எண்ணுகிற வேலை. தை பிறந்து கடல் அடங்கியதிலிருந்து கச்சான் காற்று எழும்புகிற வரைக்கும்தான் சம்பளம்; அப்புறம் அவரவர் வீட்டுக்கு. யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், எதை எடுத்துப் போகிறார்கள் எல்லாம் சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். தீவை இப்படியே திறந்துபோட்டால் கொஞ்ச வருஷத்தில் தண்ணீருக்கடியில் கல் வளருகிற பாரும் இருக்காது, அதில் அண்டுகிற மீனும் இருக்காது என்று யாரோ ஒரு துரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுண்ணாம்புக்குப் பாரில் கல் எடுக்க, சங்கு குளிக்க, விறகு வெட்ட, ஆமை முட்டை தோண்ட என்று ஆட்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியோடு துரைமார் வருகிறார்கள். போன வாரம் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். சும்மா வருகிறவர்களுக்கு ஆபீஸ் கொடுத்த தாளில் கட்டம் இல்லை. அவளை விறகில் சேர்த்துவிட்டேன். துணைக்குச் சமையல்காரர் அய்யாக்குட்டி இருக்கிறார். விளாத்திகுளத்துக்காரர், கடலைப் பார்த்தாலே கும்பிடுகிறவர்.

ஒரு வேடிக்கை கேள். விடிவதற்கு முன்னால் வள்ளங்கள் என் குடிசையைக் கடந்து தென்பக்கத்துப் பாருக்குப் போகும். கரையில் நின்று எத்தனை பேர் என்று சத்தம் போடுவேன். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, மாதாவையும் ஓர் ஆளாகச் சேர்த்து எட்டு என்பார்கள். சாயங்காலம் போகும்போது தலையை எண்ணினால் ஏழு. முதல் வாரம் வள்ளத்துக்கு ஓர் ஆள் காணாமல் போகிறான் என்று ஆபீசில் போலீசைக் கூப்பிடாத குறை. நான்தான் விளக்கிச் சொன்னேன். இப்போது முகப்பில் நம் சிலுவைக் குருசு போட்ட வள்ளம் வந்தால், சொல்லுகிற எண்ணில் ஒன்றைக் கழித்து எழுதிவிடுகிறேன். கணக்குத் தாளின் தலையில் 'மாதா நீங்கலாக' என்றும் எழுதியிருக்கிறேன். சூப்பிரண்டு என் முதுகில் தட்டினார். உன் தம்பி சும்மா ஆள் இல்லை.

தண்ணீர் வள்ளம் கிளம்புகிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

இப்படிக்கு,
தம்பி ரோச்


கீழவைப்பார்,
1946 மார்ச் 3

அன்புள்ள தம்பி ரோச்சுக்கு,

அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. உன் கடிதம் வந்தது. மாதா கிருபையால் நானும் கிருபையும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு. அய்யாக்குட்டியின் கைப்பக்குவம் எப்படியோ, அவர் மனம் கோணாமல் நடந்துகொள்.

உன் வேடிக்கை எனக்கு வேடிக்கையாக இல்லை. மாதாவைக் கழிப்பதற்கு நீ யாரடா? சாயங்காலம் கரையில் நிற்கிற பெண்கள் நாங்களும் எத்தனை பேர் என்றுதான் கேட்போம். வள்ளத்திலிருந்து எட்டு என்று சத்தம் வந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும். ஒரு குறையும் இல்லாமல் மாதாவோடு வந்து சேர்ந்தார்கள் என்று அர்த்தம். நம் அப்பா போன அன்றைக்கு வள்ளத்திலிருந்து யாருமே எண் சொல்லவில்லை. உனக்கு அப்போது நினைவு தெரியாது.

அத்தான் விஷயம்தான் மனசை அரிக்கிறது. போன வருஷச் சங்குக் குளியில் காது உடைந்ததிலிருந்து சீழ் நிற்கவே இல்லை. கிட்டப்போய்க் கத்தினால்தான் கேட்கிறது. நிமிர்ந்து நடந்தால் தலை சுற்றுகிறது. இனிமேல் குளிக்கக் கூடாது என்று தூத்துக்குடி டாக்டர் சொல்லிவிட்டார். பகல் முழுக்கக் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் படுத்திருக்கிறார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். இவர் கையை எடுப்பதே இல்லை.

கல் வள்ளத்துக்காவது போங்கள் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "சங்கு எடுத்த கையால சல்லி பொறுக்கவா சொல்லுத?" என்று கேட்டார். அதோடு எழுந்து வள்ளத்து நிழலுக்கே போய்விட்டார். உன் ஆபீசில் காவலோ எடுபிடியோ ஏதாவது இருந்தால் அத்தானுக்குச் சொல்லு. கை கால் நன்றாக இருக்கிறது. பேச்சு கேட்காத வேலை எத்தனையோ இருக்குமே.

உன் அக்கா
பிலோமி


காரைச்சல்லி தீவு,
1946 ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம், அய்யாக்குட்டிக்குத்தான் வயிற்றுக்கடுப்பு. அவர் வைத்த குழம்பை அவரே சாப்பிட்டதால் வந்தது. அங்கே நீங்கள் மூவரும் சுகம்தானே? பாஸ்குத் திருநாளுக்கு வர முடியாது. கிருபைக்கு ஒரு சிப்பி மாலை அனுப்புகிறேன்.

அத்தானுக்காக ஆபீசில் கேட்டேன். காது கேட்காத ஆளைக் காவலுக்கு வைத்து என்ன செய்ய என்று சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. கல் வள்ளத்துக்குப் போகும்படி அத்தானை நெருக்காதே. இந்தக் கரையில் அவரைப் போல மூச்சடக்கின ஆள் கிடையாது. அவர் கூடையில் சல்லி சுமந்து என் குடிசையைக் கடந்து போனால், நான் எந்த முகத்தோடு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு எழுதுவேன்? கூட இருக்கிறவர்கள் கணக்குப்பிள்ளையின் மச்சான் கல் பொறுக்குகிறான் என்பார்கள். கொஞ்சம் பொறுத்திரு. துறைமுகத்தில் தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.

இங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. போன வருஷம் ஆடு மேய்க்க வந்த ஒருவனை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். இரண்டாம் நாள் குற்றுயிராய்க் கிடைத்தான். இந்தத் தீவில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதனால் சாயங்காலம் நான் சங்கு ஊதுவேன். பார் முழுக்கக் கேட்கும். எல்லோரும் வள்ளம் ஏறியதும் தலைகளை எண்ணுவேன். காலையில் எழுதினதும் சாயங்காலம் எண்ணினதும் ஒத்துப்போனால்தான் போகலாம் என்று கையசைப்பேன். நான் சொல்லாமல் ஒரு வள்ளமும் நகரக் கூடாது. வள்ளம் ஓட்டுகிற தண்டல்மார் நரைத்த மீசையோடு என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நீ பார்க்க வேண்டும்.

கச்சான் சீக்கிரம் கிளம்பும் போலிருக்கிறது. அத்தானுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அவர் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியட்டும்.

தம்பி ரோச்


கீழவைப்பார்,
1946 மே 19

தம்பி ரோச்சுக்கு,

நீ நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். கிருபைக்குச் சிப்பி மாலை வந்தது, கழற்றமாட்டேன் என்கிறாள்.

உடனே நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அத்தான் இந்த மாதம் ஏழாம் தேதி சாயங்காலம் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுப் போனார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை இருக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றார். நீ சொல்லி வைத்த இடம்தானோ என்று எனக்குச் சந்தோஷம். போகும்போது கிருபையின் கன்னத்தைக் கிள்ளினார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆளும் இல்லை, தகவலும் இல்லை. நீ துறைமுகம் முழுக்க விசாரித்து எழுது. காது கேட்காத மனுஷன், வண்டி வாகனம் வந்தாலும் தெரியாது.

சீசன் முடிந்துவிட்டது என்கிறார்கள். உன்னை இன்னும் தீவிலிருந்து விடவில்லையா? அத்தான் போன இரண்டாம் நாளிலிருந்து நாலைந்து நாள், இருட்டினதும் காரைச்சல்லிப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. நெருப்புப் போட்டது போல, ஒரே இடத்தில். 'அங்கன பாரு, மாமா சோறு பொங்குதான்' என்று கிருபைக்குக் காட்டினேன். அவள் கையை ஆட்டினாள். அப்புறம் வெளிச்சம் இல்லை. நீ தூத்துக்குடி போய்விட்டாய் என்று நினைத்துத்தான் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கச்சான் பேயாய் அடிக்கிறது. ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. பதிலை ஒத்திப்போடாதே.

அக்கா பிலோமி


தூத்துக்குடி,
1946 ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ தைரியமாக இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஒரு கிட்டங்கி விடாமல் கேட்டுவிட்டேன். மேஸ்திரிமாரிடமும் பெரியாஸ்பத்திரியிலும் விசாரித்தேன். அத்தானைப் பார்த்ததாக ஒருத்தரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. அந்த வாரம் கொழும்புக்குத் தோணிகள் போயிருக்கின்றன. மனசு வெறுத்த ஆண்கள் இப்படித் தோணி ஏறுவது புதிது இல்லையே. அங்கே போய் ஒரு வழி பண்ணிக்கொண்டு எழுதுவார். அவர் உன்னை விட்டுவிடுகிற மனுஷன் இல்லை.

நீ எழுதின வெளிச்சம் நான் இல்லை. எட்டாம் தேதியே தீவைக் காலி செய்துவிட்டோம். அன்றைக்குத்தான் கச்சான் எழும்பிற்று. கடைசி வள்ளங்களை அனுப்பிவிட்டு, நானும் அய்யாக்குட்டியும் ஆபீஸ் படகில் ஏறி வந்தோம். வருகிற வழியில் அவர் வாந்தியெடுத்துக்கொண்டே எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். நீ பார்த்தது ஆமை முட்டை திருடுகிறவர்களாக இருக்கும். இந்த வெளிச்சத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் பேச வேண்டாம். ஆள் இருக்கும்போதே தீவை விட்டு வந்துவிட்டான் என்று என் பேரில் எழுதினால், அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

கிருபையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வீட்டில் அழுதுகொண்டு உட்காராதே.

தம்பி ரோச்


கீழவைப்பார்,
1946 நவம்பர் 3

தம்பி ரோச்சுக்கு,

இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாக இரு.

நீ சொன்னபடி வெளிச்சத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நீ சொன்னபடியே கொழும்புக்கும் எழுதினேன். பங்குச் சுவாமியார் கையால் எழுதி, கொச்சிக்கடைக் கோவிலுக்கு அனுப்பினோம். இந்த மாதிரி அங்க அடையாளத்தோடு யாரும் வரவில்லை என்று பதில் வந்துவிட்டது. நம் ஊர்த் தோணிக்காரர்களும் பார்க்கவில்லை என்கிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அங்கே ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று பேசுகிறார்கள். குழாயடியில் என் காது படவே பேசுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை ரோச்சு. ஒருத்தியோடு இருந்தால் உயிரோடு இருக்கிறார் என்றாவது ஆகுமே.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுதிரியுமாக நின்றது. நானும் அப்பா கல்லறைக்குப் போனேன். கையில் இன்னொரு மெழுகுதிரி இருந்தது. அதை ஏற்றவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். உயிரோடு இருக்கிறவருக்கு ஏற்றினால் ஆயுசைக் குறைக்கும் என்கிறார்கள். செத்தவருக்கு ஏற்றாவிட்டால் அந்த ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் நமக்காக ஒருத்தரும் இல்லையே என்று வேகும். இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு, மெழுகுதிரியை மடியிலேயே கொண்டுவந்துவிட்டேன். சூட்டில் அது வளைந்து போயிருந்தது.

எனக்கு ஒன்றும் வேண்டாம். அவர் இருக்கிறாரா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும். நீ நாலு இடம் போகிறவன். யாரிடமாவது கேட்டுச் சொல்லு.

அக்கா


காரைச்சல்லி தீவு,
1947 ஜனவரி 20

அக்காவுக்கு,

பொங்கல் கழிந்ததும் தீவுக்கு வந்துவிட்டோம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ அந்த மெழுகுதிரியை ஏற்றலாம் என்று நினைக்கிறேன்.

ரோச்


கீழவைப்பார்,
1947 ஜனவரி 27

ரோச்சு,

உன் கடிதம் மூன்று வரிதான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

நினைக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? யார் சொன்னார்கள்? எங்கே, எப்படி? உன்னை என் இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். நீ பொய் சொல்லும்போது கடிதம் நீளமாக இருக்கும், பயந்தால் சின்னதாகிவிடும். இது எனக்குத் தெரியாதா?

மெழுகுதிரியை இன்னும் ஏற்றவில்லை. நீ தெரிந்து எழுதினால்தான் ஏற்றுவேன். கிருபை காய்ச்சலில் கிடக்கிறாள். இதைக் கொண்டுவருகிற தண்ணீர் வள்ளத்திலேயே பதில் கொடுத்து அனுப்பு.

பிலோமி


காரைச்சல்லி தீவு,
1947 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கிருபைக்குக் காய்ச்சல் விட்டதா? தண்ணீர் வள்ளம் இரண்டு முறை வந்து போயிற்று. இரண்டு முறையும் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

தீவுக்கு வந்த மறுநாள், அய்யாக்குட்டி விறகு பொறுக்கத் தென்கோடிக்குப் போனார். தாழம்புதருக்குள் ஒரு மனுஷனின் எலும்புகளைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் போய்ப் பார்த்தேன். கழுத்தில், நூலில் கோத்துப் போடுகிற மாதா உத்தரியம் கிடந்தது. நூல் இற்றுவிட்டது, துணி இருக்கிறது. ஓரத்தில் நீ நீல நூலால் தைத்த தையல். இதோடு வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் சாம்பல் இருந்தது. ஆமை ஓடுகளை மல்லாத்தி வரிசையாக வைத்திருந்தார், பனித்தண்ணீர் பிடிக்க. மணலில் சல்லிக்கல்லால் பெரிய குருசு ஒன்று அடுக்கியிருந்தார். அது கலையாமல் இருந்தது. நானும் அய்யாக்குட்டியும் அங்கேயே குழி தோண்டிப் புதைத்தோம். எனக்குத் தெரிந்த ஜெபங்களைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. அய்யாக்குட்டி தன் சாமியைக் கூப்பிட்டு முடித்துவைத்தார்.

எப்படி இங்கே வந்தார் என்று தெரியவில்லை. ஏதாவது வள்ளத்திலிருந்து விழுந்து நீந்திக் கரை ஒதுங்கியிருக்கலாம். ஆபீசில் அடையாளம் தெரியாத ஆள் என்று சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே அக்கா.

வேலை நடக்கிறது. இப்போதெல்லாம் காலையிலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணுகிறேன். தண்டல்மார் ஏசுகிறார்கள். ஏசட்டும்.

ரோச்


கீழவைப்பார்,
1947 பிப்ரவரி 24

அன்புள்ள தம்பி ரோச்சுக்கு,

அக்கா எழுதுவது. கிருபைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறாள். நீ சாப்பிடுவதே இல்லை என்று தண்ணீர் வள்ளத்துக்காரன் சொன்னான். சாப்பிடு.

உத்தரியம் கிடைத்தது. அன்றைக்கே மெழுகுதிரியை ஏற்றினேன். வளைந்திருந்ததால் ஒரு பக்கமாகவே எரிந்தது.

விபூதிப் புதனுக்கு மறுநாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூஸா நெய்னா என்று பெயர், கல் வள்ளத் தண்டல். வாசலுக்குள் வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றார். இனிகோ வீடு இதுதானா என்றார். போன மே மாதம் அத்தான் தூத்துக்குடியில் அவர் வள்ளத்தில் கல் எடுக்க ஏறியிருக்கிறார். வழியெல்லாம் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டே இருந்தாராம். தீவில் மச்சினன் இருக்கிறான், அவனுக்குத் தெரியக் கூடாது, ஒருத்தரிடமும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டாராம். சாயங்காலம் நீ சங்கு ஊதியபோது எல்லோரும் ஏறினார்கள். அத்தானுக்குச் சங்குச் சத்தம் எப்படிக் கேட்கும்? எங்கேயாவது நிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காத்து வேற எழும்பிருச்சு மவளே. ஒரு ஆள் குறையுதேன்னு எனக்குத் தோணிச்சு. காலையில பதினோரு பேருன்னு நான்தான் சொன்னேன். ஆனா கணக்குப்பிள்ளை எண்ணிப் பார்த்துட்டு, சரியா இருக்கு, போங்கன்னு கையைக் காட்டுனாரு. அவரே சரின்னுட்டா, அந்த ஆளு பக்கத்துல நின்ன வேம்பார் வள்ளத்துல ஏறியிருப்பான்னு நினைச்சுட்டேன். மறுவாரமே கொழும்புத் தோணியில போயிட்டேன். இப்பதான் வந்தேன். வந்து கேட்டா, அவனைக் காணோம்கிறாங்க."

கணக்குப்பிள்ளை ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்தப் பெரியவருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வள்ளம் யாருடையது என்று கேட்டேன். வேம்பாரில் நம் ஆட்களிடம் அப்போதுதான் வாங்கியதாம், தீவுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. முகப்பில் குருசு செதுக்கியிருக்கிறது, வாங்கின வள்ளத்தின் குறியை அழித்தால் ஆகாது என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இருட்டில் நீ குருசைத்தான் பார்த்திருக்கிறாய், பதில் சொன்னவர் யார் என்று பார்க்கவில்லை. அவர் மாதாவைச் சேர்த்துச் சொல்லுகிற ஆள் இல்லை. பதினோரு பேர் என்றால் பதினோரு பேர்தான். நீ ஒன்றைக் கழித்தாய். கழித்தது உன் அத்தானை.

இது உனக்கு எலும்பைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் தண்ணீரில் இறங்கித் தலை தலையாய்த் தொடுகிறாய். நீந்தி ஒதுங்கினார் என்று எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று இரண்டு நாள் உன்னைக் கரித்துக் கொட்டினேன். வாயில் வராத சாபமில்லை.

மூன்றாம் நாள் சாபம் என் பக்கம் திரும்பிவிட்டது. கணக்குப்பிள்ளையின் மச்சான் கல் பொறுக்குகிறான் என்பார்கள் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தை அவர் காதோடு வாய் வைத்துக் கத்திக் கத்தி வாசித்தவள் நான். கல்லுக்குப் போங்கள் என்று முதலில் சொன்னவளும் நான். நாலைந்து நாள் அந்த நெருப்பைப் பார்த்தவளும் நான்தான். அவர் எங்களைப் பார்த்துத்தான் நெருப்புப் போட்டிருக்கிறார், ரோச்சு. நம் வீடு இருக்கிற திசை அவருக்குத் தெரியாதா? நான் பிள்ளையைக் கையாட்டச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

வெளிச்சத்தைப் பேசாதே என்று உன் பதில் வந்தபோது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் அதை உன் மேல் சுமத்தமாட்டேன். மற்றதை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. கேட்டாலும் இப்போது என்னிடம் இல்லை. ஒருநாள் வரலாம். வராமலும் போகலாம். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மூஸா நெய்னாவிடம், உங்கள் மேல் குற்றமில்லை, போய்வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். சுவாமியாரிடம் பேசிவிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் குழிக்கு இடம் கொடுத்திருக்கிறார். துக்கப் பூசையும் வைப்பார். அத்தானை அந்தத் தீவில் விட்டுவைக்காதே. தோண்டி எடுத்து, நல்ல வெள்ளைத் துணியில் கட்டி, நீயே உன் மடியில் வைத்துக்கொண்டு வா. போகும்போது மூடின மாதிரி முகம் மூட வேண்டாம். எங்கே போய் வருகிறார் என்று ஊருக்குத் தெரியட்டும்.

கரையில் நானும் கிருபையும் நிற்போம். பெண்கள் எல்லோரும் நிற்பார்கள். வழக்கம்போல எத்தனை பேர் என்று கேட்பார்கள். நீ வாய் திறந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். உன்னைச் சொல்லு, துடுப்புப் போடுகிறவர்களைச் சொல்லு, மாதாவைச் சொல்லு. உன் அத்தானையும் சேர்த்துச் சொல்லு. ஒருத்தரையும் கழிக்காதே.

உன் அக்கா
பிலோமி